கண் கரையில், கை கடலில்

என்னிடம் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது என்னைக் காண வந்தார். இன்று அவர் அயல்நாடொன்றில் கன்னெய்க் கிணறு தோண்டும் தொழிலில் பொறிஞர். அவர் கிணற்றருகே இருப்பவரல்லர். நகரத்தின் நடுவே, குளிரூட்டிய கூடமொன்றில், ஆறேழு திரைகளுக்கு முன் அமர்ந்திருப்பவர். பல நூறு கல் தொலைவிலுள்ள கடல்மேடையில் துளைக்கருவி எத்துணை ஆழத்தில் உள்ளது, அங்குள்ள அழுத்தம் எவ்வளவு, உள்ளே சென்ற சேறு எவ்வளவு, வெளியே வந்த சேறு எவ்வளவு என்பனவெல்லாம் அவர்தம் திரையில் நொடிக்கு நொடி கோடுகளாக ஓடுமாம். "கிணற்றின் வாயில் நிற்பவன் காண்பதை அதே நேரத்தில் நானும் காண்கிறேன், ஐயா" என்று மகிழ்ந்து கூறினார். எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது. நம் சிற்றூர்ப் பிள்ளையொருவர் அத்தகைய பொறுப்பில் அமர்ந்திருப்பது எளிய செய்தியன்று.

ஆயினும் ஆசிரியத் தொழிலின் பழக்கம் எளிதில் விடுமா? ஒரு வினா கேட்டேன். "தம்பி, அத்திரையில் ஒரு கோடு தவறாக ஓடுகின்றது என்று உனக்குத் தோன்றினால், வேலையை நிறுத்தென்று சொல்ல உன்னால் இயலுமா?" அவர் சற்று எண்ணிப் பார்த்தார். "தொலைபேசியிற் கூப்பிட்டுச் சொல்லலாம், ஐயா. நிறுத்துவது அவர்கள் விருப்பம்" என்றார். "நீ இல்லாத இரவுகளில் அத்திரையை யார் பார்ப்பர்?" என்றேன். அதற்கு அவர் உடனே விடை கூறவில்லை. அவர் சென்ற பின்னரும் அவ்விரு வினாக்களும் என்னை விட்டு அகலவில்லை. அவற்றின் விளைவே இக்கட்டுரை.

முதலில் அச்செய்தி கரைவரை வந்து சேரும் வழியை அறிந்துகொள்ள வேண்டும். மாந்த அறிவின் அருஞ்செயல்களுள் அதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை. மண்ணுக்கடியில் நாலாயிரம், ஐயாயிரம் மீற்றர் ஆழத்தில் பாறையைக் குடைந்து செல்லும் துளைமுனையிலிருந்து மேலே செய்தி அனுப்புவது எங்ஙனம்? சுழலும் குழாய்த் தொடரூடே மின்கம்பியை நெடுக இட்டு வைப்பது எளிதன்று. ஆனால் அக்குழாயினூடே கீழே சென்று, துளையின் பக்கவெளியூடே மேலே திரும்பிக்கொண்டேயிருக்கும் ஒரு பொருள் உண்டு, அதுதான் சேறு. வெறுஞ் சேறென்று எண்ணிவிட வேண்டா. அது துளைமுனையைக் குளிர்விக்கும். அரைபட்ட பாறைத் தூளை மேலே கொணரும். அனைத்திற்கும் மேலாகத் தன் எடையால் நிலத்தடி எண்ணெயையும் எரிவளியையும் மேலெழவொட்டாமல் அமுக்கி வைத்திருக்கும். அச்சேற்றோட்டத்தைத் துளைமுனைக்கு அருகிலுள்ள சிறு அடைப்பிதழொன்று சற்றே தடுத்துத் தடுத்து விடும். அதனால் எழும் அழுத்தத் துடிப்பு, சேற்றுத் தூணின் வழியே மேலேறி, மேடையிலுள்ள கருவியில் வந்து தட்டும். மருத்துவர் கைந்நாடி பிடித்து உள்ளிருக்கும் நோயறிவதைப் போன்றதே இது. 1978-ஆம் ஆண்டில் இம்முறை வணிக நடைமுறைக்கு வந்தது. நொடிக்குச் சில குறிகளே இவ்வழியே மேலே வரும். நம் பள்ளிப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கும் விரைவுதான். பின்னாளில் குழாய்க்குள்ளேயே வடம் பொதிந்து, நொடிக்கு 57,000 குறிகள் அனுப்பும் வழியும் கண்டனர். அது செலவு மிகுதியானது. எல்லாக் கிணற்றிலும் இல்லை.

மேடைக்கு வந்த செய்தி அங்கிருந்து 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிலவுலகோடு ஒத்துச் சுழலும் செயற்கைக்கோளுக்குச் சென்று, மீண்டும் தரையிறங்கி, அலுவலகத் திரையை அடைகின்றது. இத்துணைப் பெருஞ்செலவுக்கு ஆகும் காலம் கண்ணிமைப் பொழுது. வடகடலில் நார்வே நாட்டார் 1990-களின் இறுதியில் கடலடியிலேயே கண்ணாடியிழை வடம் இட்டுவிட்டனர். இவையெல்லாம் வருமுன், மேடையிலிருப்பவர் நாள்தோறும் காலையில் ஒரு முறை வானொலியிலோ தொலைபேசியிலோ முதல்நாள் வேலையை ஒப்புவிப்பார், அலுவலகத்தார் எழுதிக்கொள்வர். எஞ்சிய நேரமெல்லாம் மேடைத் தலைவர் வைத்ததே சட்டம். அதன் நன்மையும் தீமையும் அவரோடே இருந்தன.

இதற்கு நாம் 'நிகழ்நேரத் தொடர்பு' எனப் பெயரிட்டு வழங்குகின்றோம். நல்ல பெயர். அத்தொடர்பைக் கொண்டு செய்யும் வேலைக்குக் 'கண்காணிப்பு' என்று பெயர். இங்குத்தான் ஒரு புலவனுக்குச் சற்று நின்று எண்ணத் தோன்றுகின்றது. கண்காணி என்னும் சொல்லே கங்காணி எனத் திரிந்தது. அச்சொல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலையாவின் தொய்வை மரக் காடுகளிலும் நம் முன்னோர் முதுகில் எப்படிப் பதிந்ததென்பதை நான் விரிக்க வேண்டுவதில்லை. கங்காணி கண்டது எதனை? கொழுந்தையும் பாலையும் கண்டான்; அட்டை கடித்த காலையும் காய்ச்சலையும் கண்டானா? ஆகவே, கண்காணிப்பு என்றவுடன் நாம் கேட்க வேண்டிய வினா, காண்பது யார் என்பது மட்டுமன்று. எதனைக் காண்கின்றனர் என்பதும், எவர்பொருட்டுக் காண்கின்றனர் என்பதும் ஆகும். துளை எத்துணை விரைவாக இறங்குகின்றது, நாளொன்றுக்கு என்ன செலவு, குறித்த காலத்திற்குள் முடியுமா என்று காண்பதும் கண்காணிப்பே. கிணறு பொங்கிவிடுமோ, மேலிருப்பார் உயிருக்கு ஏதம் வருமோ என்று காண்பதும் கண்காணிப்பே. திரை ஒன்றுதான், கண் வேறு.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று என்பதை மெக்சிக்கோ வளைகுடாவில் 2010 ஏப்பிரல் 20-ஆம் நாள் நடந்தது மெய்ப்பிக்கும்.

அமெரிக்காவின் உலூசியானாக் கரையிலிருந்து ஏறத்தாழ 66 கிலோமீற்றர் தொலைவில், ஏறத்தாழ 1500 மீற்றர் ஆழமுள்ள கடலில், மக்கோந்தோ என்னும் கிணறு தோண்டி முடிக்கப்பட்டிருந்தது. கிணறு பி.பி. நிறுவனத்தாரது, 'ஆழ்நீர்த் தொடுவானம்' என்னும் பொருள்படத் தீப்வாட்டர் ஒரைசன் எனப் பெயரிய மிதக்கும் மேடை திரான்சோசன் நிறுவனத்தாரது, கிணற்றடியைச் சிமிட்டியால் அடைத்ததும், அளவுகளைத் திரட்டி அனுப்பியதும் ஆலிபர்ட்டன் நிறுவனத்தாரும் அதன் கிளையினரும் ஆவர். வேலை ஆறு கிழமைக்கு மேல் காலந் தாழ்ந்திருந்தது. நாளொன்று கழிந்தால் ஏறத்தாழப் பத்து இலக்கம் தாலர் செலவு. அன்று மேடையில் 126 பேர் இருந்தனர். நிறுவன மேலோர் சிலரும் அன்று அங்கு வந்திருந்தனர். ஏழாண்டுக் காலம் வேலையிழப்புக்குரிய காயம் எதுவும் நேரவில்லை என்று பாராட்டுவது அவர்கள் வருகையின் நோக்கங்களுள் ஒன்று.

கிணற்றைத் தற்காலத்திற்கு மூடிவிட்டுச் செல்லும் முறை, அக்கடைசிக் கிழமையில் அலுவலகத்தாரால் மீண்டும் மீண்டும் மாற்றப்பட்டது. முடிந்த முடிபான வேலை வரிசை ஊசுட்டன் நகரத்து அலுவலகத்தின் பொறிஞரால் மின்னஞ்சலில் வந்தது எப்போது தெரியுமா? அதே நாள் காலை 10.43 மணிக்கு. அன்றே செய்ய வேண்டிய வேலைக்கான கட்டளை அன்று முற்பகலில் வந்து சேர்கின்றது! நொடியில் செய்தி அனுப்ப இயலும் என்னும் ஆற்றலே, கடைசி நொடிவரை முடிவெடாதிருக்கலாம் என்னும் சோம்பலையும் உடன் கொண்டுவந்துவிட்டது. கடிதம் எழுதினால் சென்று சேர மூன்று நாளாகும் என்றிருந்த காலத்தில், எழுதுமுன் மும்முறை எண்ணினோம். எண்பதாண்டு வாழ்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இது வேறு பல துறைக்கும் பொருந்தும். அது நிற்க.

மாலையில் ஓர் ஆய்வு நடந்தது. கிணற்றடி அடைப்பு உறுதியாக உள்ளதா என்றறிய, மேலிருந்து அமுக்கும் எடையைக் குறைத்து, உள்ளிருந்து ஏதேனும் முட்டுகின்றதா என்று பார்ப்பர். அழுத்தம் சுழியத்தில் நின்றால் அடைப்பு நன்று. மீண்டும் ஏறினால் உள்ளே கசிவு உண்டு. அன்று துளைக்குழாயில் அழுத்தம் ஓர் அங்குலப் பரப்பிற்கு 1400 பவுண்டு வரை ஏறி நின்றது. இன்னொரு குழாயிலோ சுழியமாக இருந்தது. ஒன்றோடொன்று தொடர்புடைய இரு குழாய்களில் இத்துணை வேற்றுமை எப்படி என்ற வினாவுக்கு, மேடையில் ஒருவர் ஒரு விளக்கம் கூறினார், மற்றவர் ஒப்பினர், இரவு எட்டு மணியளவில் ஆய்வு வெற்றி எனக் கொள்ளப்பட்டது. அவ்விளக்கம் தவறு என்பதைப் பின்னர் ஆய்ந்தவர் அனைவரும் கூறினர்.

இரவு 8.52 மணிக்கு மேடையிலிருந்த மேற்பார்வையாளர் ஒருவரும் ஊசுட்டன் அலுவலகப் பொறிஞர் ஒருவரும் தொலைபேசியிற் பேசினர். அந்த ஆய்வைப் பற்றியும் பேச்சு நிகழ்ந்தது. பொறிஞர்க்கு ஐயம் எழவும் செய்தது; ஆய்வு நன்கு முடிந்துவிட்டது என்னும் விடையோடு அது அடங்கிற்று. அவ்வலுவலகத்திலிருந்தே அக்கிணற்றின் அளவுகளைத் திறந்து காணும் ஏந்து இருந்தது. காணவில்லை. காண வேண்டும் என்னும் கட்டளையும் இல்லை.

அதன்பின் நடந்ததை மணிக்கணக்கன்று, நிமையக் கணக்கில் இன்று நாம் அறிவோம். இரவு 9.01 மணியிலிருந்து, எக்கிகள் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கையில், குறைய வேண்டிய அழுத்தம் கூடத் தொடங்கிற்று. 9.08 மணிக்கு எக்கிகளை நிறுத்தினர். நிறுத்திய பின் அழுத்தம் அசையாதிருந்திருக்க வேண்டும். ஐந்தரை நிமையத்தில் அது 1017-இலிருந்து 1263-க்கு ஏறியது. அடியிலிருந்து எண்ணெயும் எரிவளியும் மேலே வரத் தொடங்கிவிட்டன என்பதற்கு இதனினும் தெளிவான அறிகுறி வேண்டுவதில்லை. கோடு ஏறியது, மேடையிலும் ஏறியது, செயற்கைக்கோள் வழியே கரையிலும் ஏறியது. பி.பி.யின் அலுவலகத்துக்கும், கிணற்றில் பங்குடைய வேறு நிறுவனங்களின் அலுவலகங்களுக்கும் அது சென்றுகொண்டிருந்தது. மேடையிலிருந்தவர் ஆயிரம் வேலைக்கிடையே அதன் பொருளை உணரவில்லை. கரையில், கிணறு பொங்குமோ என்னும் நோக்கத்தோடு அதனை இரவும் பகலும் பார்த்திருக்கும் கடமை எவர்க்கும் வகுக்கப்படவில்லை. 9.49 மணிக்கு முதல் வெடிப்பு. அதே 9.49 மணியோடு கரைக்கு வந்த கோடும் அறுந்தது.

பதினொருவர் மாண்டனர். மேடை ஏப்பிரல் 22-ஆம் நாள் கடலில் மூழ்கிற்று. அதன் கருவிகளும் பதிவுகளும் அதனோடு மூழ்கின. உடைந்த கிணற்றிலிருந்து 87 நாள் எண்ணெய் பீறிட்டது. ஏறத்தாழ 49 இலக்கம் பீப்பாய் வெளிப்பட்டதென அரசு கணித்தது. மீனவர் பிழைப்பும் கழிமுகங்களின் உயிர்வாழ்வும் பட்ட பாட்டைத் தனியே எழுதலாம், இங்கு இடமில்லை.

நான் மேலே எழுதிய நிமையக் கணக்கு நமக்கு எப்படிக் கிடைத்தது? கரைக்கு அனுப்பப்பட்ட அந்தக் கோடுகளிலிருந்துதான்! மேடையோடு மூழ்காமல் எஞ்சியவை அவையே. அவற்றை வைத்துத்தான் குடியரசுத் தலைவர் அமர்த்திய ஆணையமும் பிறரும் பின்னர் திங்கள் கணக்கில் அமர்ந்து, இந்தப் புள்ளியில் தெரிந்திருக்க வேண்டும், இந்தப் புள்ளியில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று ஆராய்ந்தனர். உயிரோடிருந்தவரைக் காக்கும்பொருட்டு ஒருவரும் பார்க்காத கோடுகளை, இறந்தபின் நூற்றுக்கணக்கானோர் பார்த்தனர். நிகழ்நேரத் தொடர்பு என்று பெயரிட்ட ஒன்று, நிகழ்ந்த நேரத்தில் பயன்படாமல், பிண ஆய்வுக்கே பயன்பட்டது. இதனை எண்ணும்தோறும் எனக்கு நெஞ்சு கனக்கின்றது.

வழக்கின் போக்கையும் பாருங்கள். பி.பி. நிறுவனம் 2012-இல் பதினொருவர் சாவுக்கும் குற்றத்தை ஒப்புக்கொண்டு பெருந்தண்டம் செலுத்தியது. மேடையிலிருந்த மேற்பார்வையாளர் இருவர்மீது அவ்வாண்டே மாந்தக் கொலைக் குற்றம் சாற்றப்பட்டது. 2015-இல் அரசே அதனைக் கைவிட்டது. கரையிலிருந்து பார்த்திருக்க வேண்டியவர் என்று எவர்மீதும் அக்குற்றம் சாற்றப்படவில்லை. எப்படிச் சாற்றுவது? பார்க்க வேண்டியவர் என்று ஒருவர் இருக்கவே இல்லையே!

'அப்படியானால், கரையிலிருப்பவர்க்கே எல்லா உரிமையையும் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்' என்பாரும் உளர். அவர்கள் 1988 சூலை 6-ஆம் நாளை நினைக்க வேண்டும். இசுக்காட்லாந்தின் அபர்தீன் நகருக்கு வடகிழக்கே, வடகடலில் நின்ற பைப்பர் ஆல்பா என்னும் மேடையில் இரவு பத்து மணியளவில் எரிவளி வெடித்தது. பகல் வேலையினர் ஓர் எக்கியின் காப்பிதழைக் கழற்றி வைத்திருந்தனர். அச்செய்தி இரவு வேலையினரை எட்டவில்லை. அவர்கள் அவ்வெக்கியை இயக்கினர். ஒரே மேடையில் பகலுக்கும் இரவுக்கும் இடையே ஒரு தாள் கைமாறாததால் வந்தது அது. ஆனால் நான் கூறவந்தது அதற்கடுத்தது. அம்மேடையோடு குழாய்களால் இணைக்கப்பட்டிருந்த தார்தன், கிளேமோர் என்னும் பக்கத்து மேடைகள் இரண்டும் தொலைவில் தீயைக் கண்டபின்னும் எரிவளியையும் எண்ணெயையும் உடனே நிறுத்தவில்லை. கிளேமோர்த் தலைவர் கரை அலுவலகத்தோடு தொடர்பு கொள்ள முயன்றுகொண்டே உற்பத்தியைத் தொடர்ந்தார். தொடர்போ பைப்பரின் வழியே செல்வது, பைப்பர் எரிந்துகொண்டிருந்தது! கண்ணெதிரே தீ, கையருகே அடைப்பு, நாவோ கரையின் இசைவை நோக்கி. அன்று இறந்தவர் 167 பேர். பின்னர் ஆய்ந்த கல்லன் பெருமகனார் 1990-இல் 106 பரிந்துரைகளைத் தந்தார். வடகடலின் தொழில்முறையே அதனால் மாறிற்று.

ஆக, ஓரிடத்தில் கரை பாராதிருந்து கெட்டது. மற்றோரிடத்தில் கடல் கரையைப் பார்த்திருந்து கெட்டது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே என்பது என் கருத்து. செய்தி ஓடும் வழியை அமைப்பவர், அதனோடு கூடவே பொறுப்பு ஓடும் வழியையும் அமைக்க வேண்டும். இப்பொழுது கம்பி மட்டும் அமைக்கப்படுகின்றது. பொறுப்பு பழைய இடத்திலேயே, அல்லது இன்னும் மோசமாக, இரண்டு இடத்திற்கும் நடுவே கடலில் கிடக்கின்றது. மேடையிலிருப்பவன், 'கரையில் அறிஞர் பார்த்துக்கொண்டிருப்பர்' என்று நம்புகின்றான். கரையிலிருப்பவர், 'கிணற்றருகே நிற்பவனுக்குத் தெரியாததா' என்று இருந்துவிடுகின்றார். தேர்வுக்கூடத்தில் இரண்டு ஆசிரியரை ஒருங்கே காவலிட்டால் நடப்பது எதுவென்று எம்மைப் போன்றோர் அறிவோம். ஒருவர் இருந்தால் விழித்திருப்பார். இருவர் இருந்தால் ஊர்க்கதை பேசுவர்.

இத்தொடர்பே வேண்டா என்று நான் கூறவில்லை. அவ்வாறு கூறுவது அறியாமை. நார்வே நாட்டின் இசுட்டவாங்கர் பகுதியில் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கரையிலேயே துளைப்பு நடுவங்கள் அமைத்து, கடலிலிருப்பவரும் கரையிலிருப்பவரும் ஒரே கூடத்தில் இருப்பதுபோல் முகம் பார்த்துப் பேசி வேலை செய்கின்றனர். உலங்கூர்தியில் புயற்கடல் தாண்டிச் செல்ல வேண்டியவர் தொகை குறைகின்றது. ஓர் அறிஞர் ஒரே நாளில் நான்கு கிணற்றுக்கு அறிவு கூற முடிகின்றது. ஏதமிக்க இடத்தில் குறைந்த தொகையினர் இருப்பது நன்றே. ஆனால் அங்கும் ஒரு கேள்வி உண்டு: ஆளைக் குறைப்பது உயிரைக் காக்கவா, கூலியை மிச்சப்படுத்தவா? மேடையிலிருந்து பத்துப் பேரைக் கரைக்கு அழைத்து, பின்பு கரையிலும் நால்வரைக் குறைத்து, அந்நால்வர் கையில் நாற்பது திரைகளைக் கொடுப்பதானால், அது மீண்டும் கங்காணி வேலையே.

அமெரிக்க அரசு 2016-இல் விதியொன்று இயற்றியது. ஆழ்கடற் கிணறுகளின் அளவுகளைக் கரைக்கு உடனுக்குடன் அனுப்ப வேண்டும். அங்குத் தகுதியுடையோர் அவற்றைக் காண வேண்டும். அவர்க்கும் மேடைக்கும் இடையறாத் தொடர்பு இருக்க வேண்டும் என்பன அதன் கூறுகள். பதினொருவர் உயிர் கொடுத்து ஆறாண்டு கழித்து வந்த விதி. 2019-இல் அது திருத்தப்பட்டது. விரிந்த கட்டளைகள் பல நீக்கப்பெற்று, எவ்வாறு காண்பதென்பது பெரும்பாலும் நிறுவனத்தார் வகுக்கும் திட்டத்திற்கே விடப்பட்டது. தொழிலறிந்தவர்க்கே தம் தொழில் தெரியும் என்னும் வாதம் முற்றும் பொய்யன்று. ஒரே விதி எல்லாக் கிணற்றுக்கும் பொருந்தாது என்பதும் உண்மையே. எனினும் 2010-இல் இருந்ததும் நிறுவனத்தார் திட்டந்தானே? செலவைக் கணக்கிடும் கையிலேயே காவலைக் கணக்கிடும் பொறுப்பையும் கொடுத்தால், இரண்டில் எது முதலில் குறைக்கப்படும் என்று நான் சொல்ல வேண்டுமா?

என் கருத்தைத் திறந்தே கூறிவிடுகின்றேன். ஒவ்வொரு கிணற்றுக்கும், கரையில் அந்த இரவில் அந்தத் திரைக்கு முன் அமர்ந்திருக்கும் ஒருவர் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். துளைவிரைவையும் செலவையும் பார்ப்பவர் வேறு. அவர் அதைப் பார்க்கலாகாது. 'நிறுத்து' என்று அவர் சொன்னால் முதலில் நிறுத்திவிட்டுப் பின்னரே கரணியம் கேட்க வேண்டும். அதேபோல், மேடையில் நிற்கும் கடைசித் தொழிலாளி 'நிறுத்து' என்றாலும், கரையின் இசைவுக்குக் காத்திராமல் நிறுத்த வேண்டும். நிறுத்தும் உரிமை இருபுறமும் உண்டு. தொடரும் உரிமைக்கு மட்டும் இருபுறத்தின் ஒப்புதலும் வேண்டும். இவ்வுரிமை ஏட்டில் எல்லா நிறுவனத்திலும் உண்டு என்கின்றனர். ஏட்டில் இருக்கலாம். நாளொன்றுக்குப் பத்து இலக்கம் தாலர் எரியும் மேடையில், தவறாக நிறுத்திவிட்டவன் மறுநாளும் தன் வேலையில் இருப்பான் என்பது உறுதியானால்தான் அது உரிமை. இல்லையேல் அது சுவரில் ஒட்டிய தாள்.

இவ்வளவும் தொலைநாட்டுச் செய்தியென்று நாம் இருந்துவிட முடியாது. காவிரிப் படுகையில் வயல்நடுவே கிணறுகள் உள்ளன. காரைக்காலை இருப்பிடமாகக் கொண்டு நடுவண் அரசின் எண்ணெய், எரிவளிக் கழகம் அவற்றை நடத்துகின்றது. 2017 சூன் 30-ஆம் நாள் கதிராமங்கலத்தில் அக்கழகத்தின் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியதும், தீ எழுந்ததும், ஊரார் கூடிக் கேட்டதும், தடியடியும் தளைப்படுத்தலும் நடந்ததும் படிப்போர் மறந்திருக்க மாட்டீர்கள். 2020-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் காவிரிப் படுகையைக் காப்புற்ற வேளாண் மண்டலமாக்கிப் புதிய எண்ணெய், எரிவளித் தேட்டங்களைத் தடுத்தது. முன்னரே நடந்து வருபவை அச்சட்டத்தால் நிற்கவில்லை.

கடல்மேடையில் கையும் கரையில் கண்ணும் இருப்பதைப் பற்றி இவ்வளவு எழுதினேன். வயலில் இருக்கும் கிணற்றுக்கோ மூன்றாவதாக ஒருவர் உண்டு. வரப்பின் அப்பால் குடியிருக்கும் உழவர். ஆயிரம் கல் தொலைவிலுள்ள அலுவலகத் திரைக்கு நொடியில் செல்லத்தக்க அழுத்த அளவு, அரைக்கல் தொலைவிலுள்ள ஊராட்சி மன்றத்துக்குச் செல்வதற்குத் தடை எது? செயற்கைக்கோளா வேண்டும்? குழாயில் அழுத்தம் திடுமென வீழ்ந்தால் கசிவு உண்டென்று கருவி முதலில் சொல்லும். அதனை ஊராட்சிக் கட்டடத்தில் ஒரு மணியாக ஒலிக்கச் செய்வதும், எந்தக் கிணறு, எந்தக் குழாய், எவ்வளவு தொலைவுக்கு விலக வேண்டும் என்று தூய எளிய தமிழில் ஒரு பலகையில் எழுதி வைப்பதும், இரவில் கூப்பிட்டால் எடுப்பவர் இன்னார் என்று தொலைபேசி எண்ணோடு குறிப்பதும் பெருஞ்செலவான செயல்கள் அல்ல. பலகை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் நின்றால், அது உழவர்க்கு எழுதியதன்று என்பது வெளிப்படை.

படுகை ஊர்களிலுள்ள நம் அன்பர்கள், தத்தம் ஊராட்சியில் இம்மூன்றையும் எழுத்தில் கேட்டு, வந்த விடையை இவ்விதழுக்கு எழுதுக. விடை வாராவிடில், கேட்ட நாளையேனும் எழுதுக.